அரசியல் கற்றவர் யாருக்குக் கிராணி?

கெடா மாநிலத்தின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் நம்மவர் வீடுகளில், பிள்ளை ஆறாம் படிவத்தை முடித்துப் பல்கலைக்கழகத்திற்கு மனுச் செய்யும் காலம் வந்தவுடன் ஒரு கேள்வி பிறக்கிறது. மருத்துவம் படித்தால் டாக்டராகலாம், சட்டம் படித்தால் வக்கீலாகலாம், பொறியியல் படித்தால் இஞ்சினீயராகலாம். அரசியல் சாஸ்திரம் படித்தால் என்ன ஆவது? தேர்தலுக்கு நிற்பதா, அல்லது நிற்பவருக்குக் கொடி பிடிப்பதா? தாய் தந்தையர் இவ்வாறு கேட்பதை ஏளனம் செய்வோர் உண்டு. நாம் அவ்வாறு செய்ய மாட்டோம். பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் சேர்த்த காசு போதாமல் கல்விக் கடனும் வாங்கிப் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு அக்கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆகவே முதலில் வயிற்றுக்கான பதிலைச் சொல்லிவிட்டு, பிறகு அதனினும் கடினமான வேறொரு கேள்விக்குச் செல்லுவோம்.

அரசு எவ்வாறு அமைகிறது, சட்டம் எவ்வாறு பிறக்கிறது, வரிப்பணம் யார் சொல்லுக்கு எங்கே செலவாகிறது, ஒரு நாடு இன்னொரு நாட்டோடு எவ்வாறு உறவாடுகிறது என்பவற்றை ஆராய்வதே அரசியல் சாஸ்திரம். நமது மாநிலத்திலேயே, 1984-ம் ஆண்டில் நிறுவப்பெற்றுப் பின்னர் சிந்தோக்கில் நிலைகொண்ட வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் அரசாட்சி, பொது நிர்வாகம், சர்வதேச உறவு முதலிய பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. இவற்றைக் கற்றவர் கண்ணுக்கு முதலில் தென்படுவது சர்க்காரின் நிர்வாக, ராஜதந்திர சேவை. மாவட்டக் காரியாலயம் முதல் வெளிநாட்டுத் தூதரகம் வரை அதன் கிளைகள் பரவியுள்ளன. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. பொதுச் சேவை ஆணைக்குழு நடத்தும் அத்தேர்வுக்கு எத்துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். இஞ்சினீயரும் அங்கே வருகிறார். கணக்குப் படித்தவரும் வருகிறார். அரசியல் பட்டம் பெற்றவருக்கென்று தனி நாற்காலி எதுவும் போட்டு வைக்கப்படவில்லை.

அது கிட்டாதவருக்கும் வழிகள் பல. பத்திரிகைத் தொழில் உண்டு. ஆசிரியப் பணி உண்டு. மேற்படிப்புப் படித்து ஆராய்ச்சி செய்வதும் உண்டு. சின்னப்பா அரசரத்தினம் 1970-ல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றியும், பி. இராமசாமி 1994-ல் தோட்டத் தொழிலாளரைப் பற்றியும் நூல் எழுதியிராவிடில், நம் பாட்டன்மார் பட்ட பாட்டுக்குச் சாட்சியங்கள் மிகக் குறைந்திருக்கும். தொழிற்சங்கங்களில் சட்டமும் கணக்கும் தெரிந்தவர் தேவை. கூலிமில் 1996-ல் திறக்கப்பெற்ற உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும், சுங்கைப் பட்டாணியின் தொழிற்சாலைகளிலும் ஆட்களை எடுக்கவும் வழக்குகளைப் பேசித் தீர்க்கவும் மனிதவளப் பிரிவுகள் உண்டு. மனித உரிமை ஆணையம், பொதுநலச் சங்கங்கள், சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் ஆகியவையும் இப்படிப்புக்கு ஏற்ற இடங்களே. சம்பளம் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் சொற்பமாகவும் இருக்கும். மலாய் மொழியில் பிழையின்றிக் கடிதம் வரையவும், இங்கிலீஷில் அறிக்கை படிக்கவும், புள்ளிவிவரத்தைப் பார்த்து அதன் பொருளைச் சொல்லவும் கற்றுக்கொண்ட அரசியல் பட்டதாரி பட்டினி கிடப்பதில்லை. இம்மூன்றையும் கல்லாமல் பட்டத்தை மட்டும் பெற்றவர் எத்துறையிலும் திண்டாடவே செய்வார்.

நிற்க. ஜீவனத்துக்கான பதில் இவ்வளவில் முடிகிறது. இவ்வுத்தியோகங்கள் யாவற்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் அவற்றுக்குள் ஒரு பொதுத்தன்மை தென்படும். அரசு ஒரு பக்கத்திலும் ஜனங்கள் ஒரு பக்கத்திலும் இருக்க, இரண்டுக்கும் நடுவில் காகிதத்தோடு நிற்பதே இப்படிப்பின் தொழில். அவ்வாறு நடுவில் நிற்பவர் வாசலாக இருப்பாரா, சுவராக இருப்பாரா என்பதுதான் நாம் கேட்க வந்த கேள்வி.

நம் சமூகத்துக்கு இக்கேள்வி புதிதன்று. நடுவில் நிற்பவர்களை நாம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிவோம். கங்காணி தமிழ்நாட்டுக்குப் போய் ஆள் திரட்டி வந்தார். தாம் கொணர்ந்தவர் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு காசு என்று தோட்டத்தாரிடம் பெற்றுக்கொண்டார். தம் ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போகாதிருப்பதிலும், கடனிலிருந்து மீளாதிருப்பதிலும் அவருக்கு ஆதாயம் இருந்தது. 1938-ம் ஆண்டில் இந்திய சர்க்கார், உதவிப்பணம் கொடுத்துத் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்ததோடு அந்த ஆள் திரட்டும் முறை முடிவுற்றது. கிராணியோ இங்கிலீஷ் எழுத்தறிந்தவர். துரையின் உத்தரவைத் தமிழில் சொல்வதும், தொழிலாளியின் குறையை இங்கிலீஷில் எழுதுவதும் அவர் கையில் இருந்தன. எதை எழுதுவது, எதை விடுவது, எதை நாளைக்குத் தள்ளுவது என்பதெல்லாம் அவர் மனம் போனபடி. செக்ரோலில் அரைப்பேர் போடுவதா முழுப்பேர் போடுவதா என்பதே ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தீர்மானித்த காலம் அது. நாமும் தோட்டக் காரியாலயத்தில் கணக்கெழுதி ஜீவிப்பவராதலால் இவ்வுத்தியோகத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. தொழிலாளிக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்து, அதற்காக வேலையையும் இழந்த நல்ல கிராணிகள் இருந்திருக்கின்றனர். ஆனால் நல்லவரும் கெட்டவரும் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாற்காலியின் பலம் முழுவதும் எதிரில் நிற்பவரின் அறியாமையிலிருந்து வந்தது என்பதே கவனிக்கத் தக்கது.

அந்த நாற்காலி இன்றும் காலியாகவில்லை. இடம் மட்டும் மாறியிருக்கிறது. இப்போது அது பட்டணத்துக் கடைவீதியில், கட்சிக் கொடி கட்டிய சேவை மையத்தில் இருக்கிறது. சாக்கடை அடைத்தாலும், விளக்கு எரியாவிட்டாலும், உதவித்தொகை வராவிட்டாலும், ‘தலைவரிடம் சொல்லி முடித்துத் தருகிறேன்’ என்கிறவர் ஒருவர் அங்கே இருக்கிறார். இதற்கு அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நாட்டின் நகராண்மைத் தேர்தல்கள் 1965-ல் நிறுத்தி வைக்கப்பட்டு, 1976-ம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தால் அறவே நீங்கின. சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் நகராண்மைக் கழக உறுப்பினரை மாநில அரசே நியமிக்கிறது; வரி கட்டுகிற நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வாக்குக் கொடுத்து வைத்தவனுக்கு வாக்கைத் திருப்பிக்கொள்ளும் பலமுண்டு. வாக்கே இல்லாத இடத்தில் தயவுதான் நாணயமாகச் செலாவணியாகிறது. தயவு செலாவணியாகும் இடத்தில் தரகன் தோன்றாமல் இரான். இதை எடுத்துச் சொல்லும் கல்வியே அரசியல் சாஸ்திரம். அதைக் கற்றவரே தரகராகிவிடுவாரானால் வைத்தியர் நோயை விற்ற கதையாக முடியும்.

இதில் என்ன பெரிய தீங்கு, காரியம் நடந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். உரிமை வேறு, தயவு வேறு என்பதை அறியாததால் வரும் தீங்கு எத்தகையது என்பதற்குப் பிரஜா உரிமை ஒன்றே போதிய உதாரணமாகும். நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 16-ம் விதியையும் 19-ம் விதியையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். சுதந்திர தினத்துக்கு முன் இக்கூட்டரசில் பிறந்தவர், இங்கு நிலையாகக் குடியிருப்பது, நன்னடத்தை, மலாய் மொழியில் தொடக்க அறிவு ஆகிய நிபந்தனைகளை நிறைவேற்றினால் பிரஜையாகப் பதிவு பெற உரித்துடையவர் என்பது 16-ம் விதி. வெளியிலிருந்து வந்து குடியேறியவருக்கு, போதிய மலாய் மொழி அறிவும் பத்து ஆண்டுக் குடியிருப்பும் இருந்தால், சர்க்கார் விரும்பினால் வழங்கலாம் என்பது 19-ம் விதி. ஒன்று உரிமை, மற்றொன்று சர்க்காரின் விருப்பம். தோட்டத்து லயத்தில் பிறந்த பாட்டிக்கும், கப்பலில் வந்திறங்கிய பாட்டிக்கும் சட்டத்தின் முன் வழி வேறு. நம்மில் எத்தனை பேர் இவ்வித்தியாசத்தை அறிவோம்? கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், 1025-ல், இராஜேந்திரன் கடாரங் கொண்டான் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். அதே கடாரத்தில் பிறந்த கிழவிக்கு ஒரு பிறப்புப் பத்திரம் பெற்றுத் தரும் வழி அம்மேடையில் இருந்தவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை!

பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் சிவப்பு அடையாளக் கார்டோடு வாழும் மூதாட்டி ஒருவரை நாம் அறிவோம். சுதந்திரத்துக்கு முன் அத்தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே பால் வெட்டி மூப்படைந்தவர். பிள்ளைகளும் பேரர்களும் நீலக் கார்டு உடையவர்கள். மூன்று தேர்தல்களில் மூன்று பிரமுகர்கள் வந்து அவருடைய காகிதங்களை நகலெடுத்துப் போயினர். ‘மேலே சொல்லியிருக்கிறது பாட்டி’ என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த மறுமொழி. சென்ற விடுமுறையில், அரசியல் பயிலும் பெண்ணொருத்தி தன் அத்தை வீட்டுக்கு அத்தோட்டத்துக்கு வந்தாள். அவள் மேலே யாரிடமும் சொல்லவில்லை. ‘பாட்டி, நீங்கள் எங்கே பிறந்தீர்கள்? எந்தப் பள்ளியில் சேர்ந்தீர்கள்?’ என்று கேட்டாள். தமிழ்ப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடச் செய்தாள். நமது காரியாலயத்திலிருந்த பழைய செக்ரோல் ஏடுகளில் அவர் தாயின் பெயரை நாமும் தேடிக் கொடுத்தோம். பிறகு ஒரு வாரம் மாலை தோறும் உட்கார்ந்து, பதிவு இலாகா அதிகாரி மலாயில் கேட்கக்கூடிய கேள்விகளைப் பாட்டிக்குப் பழக்கினாள். மனுவின் இலக்கத்தை ஓர் அட்டையில் பெரிதாக எழுதிப் பாட்டி கையிலேயே கொடுத்தாள். மனு இன்னும் முடிவாகவில்லை. ஆனால் இப்பொழுது மூதாட்டி தாமே பஸ் ஏறிச் சென்று, அட்டையைக் காட்டி, ‘என் மனு எந்த நிலையில் இருக்கிறது?’ என்று கேட்டு வருகிறார். சென்ற மாதம் அடுத்த லயத்திலிருந்து இன்னும் இருவர் அவரோடு சென்றனர். பிரமுகர் மூவரும் செய்யாததும் இம்மாணவி செய்ததும் எது என்பதை வாசகர்கள் யோசிப்பார்களாக.

இனி, பட்டம் பெற்றவருக்கே அரசியல் உரியது என்று எவரும் எண்ண வேண்டாம். யுத்தம் முடிந்தபின் இதே கெடாவில் தொண்டர் படை என்னும் இயக்கம் தோன்றியது. பெடோங் வட்டாரத்து ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஏ. எம். சாமி அதன் தலைவர். தோட்டத் தொழிலாளர் தாமே அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை மறித்தனர். குடியை ஒழித்துச் சுயமரியாதையோடு வாழ வேண்டுமென்றனர். கூலிக்கும் மரியாதைக்கும் குரல் எழுப்பினர். 1947-ல் போலீசாரின் அடியையும் சிறையையும் உயிரிழப்பையும் அவர்கள் சந்திக்க நேர்ந்தது. அவர்களில் அரசியல் சாஸ்திரத்தின் ஒரு பக்கத்தைப் படித்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஆயினும் கள்ளுக்கடை யாருக்கு லாபம், குடித்துக் கிடப்பவன் யாருக்கு வசதி என்று அவர்கள் கண்டுகொண்டதைவிட ஆழ்ந்த அரசியல் பாடம் வேறென்ன உண்டு? அவர்களுக்குத் துணிவு இருந்தது. சட்டத்தின் வழிகளை அறிந்து, அத்துணிவை நிலைத்த அமைப்பாக மாற்றித் தரக் கற்றவர் கூட்டம் போதிய அளவு அவர்கள் பக்கத்தில் நிற்கவில்லை.

கற்றவர் நின்றபோது என்ன நடந்தது என்பதற்கும் நம் மாநிலமே சாட்சி. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போக, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து தவித்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவரும், அப்பொழுது மந்திரியாயிருந்தவருமான வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரே சிறுகச் சிறுகப் பணம் செலுத்திப் பங்கு வாங்கினர். அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நமது கெடாவின் புக்கிட் சீடிம். பால் வெட்டியவரே பங்குதாரராகவும் ஆனார். நிதி, சட்டம், சங்க விதி ஆகியவற்றை அறிந்தவரும், வியர்வை சிந்துவோரும் ஒன்று கூடினால் கண்ணீர்க் கூட்டம் கணக்குக் கேட்கும் கூட்டமாக மாறும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. அச்சங்கத்திலும் பிற்காலத்தில் அங்கத்தினர் கேள்வி கேட்டால்தான் நிர்வாகம் நேராக நடக்கும் என்பது, கூட்டுறவின் இயல்பை அறிந்த எவருக்கும் சொல்லாமலே விளங்கும்.

உத்தியோகமா, பொதுத்தொண்டா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவோருக்கு டாக்டர் அம்பேத்கரின் வாழ்வை நினைவூட்டுகிறோம். அவர் 1912-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் அரசியலும் கற்றுப் பட்டம் பெற்றவர். கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்றார். 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் ஏற்றுச் சாதிக் கொடுமையால் தங்க இடமும் கிடையாமல் விலகினார். கல்லூரியில் ஆசிரியரானார், 1920-ல் பத்திரிகை தொடங்கினார், வக்கீலானார், சட்டசபையில் அமர்ந்தார், வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகாவை வகித்தார், இறுதியில் இந்திய அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அரசியல் பட்டதாரிக்கு என்ன வேலை உண்டு என்று கேட்கும் பெற்றோர் இந்த ஒரு வாழ்விலேயே அப்பட்டியல் முழுவதையும் காணலாம். உத்தியோகங்கள் மாறின, தீண்டப்படாதவன் என்று தள்ளப்பட்டவன் தயவுக்குக் காத்திராமல் உரிமையோடு நிற்க வேண்டும் என்னும் எண்ணம் மாறவில்லை. ஆகவே எந்த நாற்காலி என்பது இரண்டாவது கேள்வி. அதில் உட்கார்ந்து என்ன செய்கிறோம் என்பதே முதற்கேள்வி.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். கடனில் படித்த ஏழைப் பிள்ளையின் தலையில் சமூகத்தின் பாரத்தையும் ஏற்றுவது தர்மமா? பணக்காரன் மகன் படித்தால் அவன் சுகமாக வாழலாம். தோட்டத்துப் பிள்ளை படித்தால் மட்டும் தியாகம் செய்ய வேண்டுமா? இந்த ஆட்சேபத்தை நாம் மதிக்கிறோம். தியாகம் செய் என்று பிறருக்கு உபதேசிப்பது மிகவும் சுலபமான காரியம். அதை நாம் செய்ய வரவில்லை. நல்ல சம்பளம் தேடுக, வீடு வாங்குக, தாய் தந்தையரைக் காப்பாற்றுக. நாம் கேட்பது தியாகத்தைவிடச் சிறியது. தவிர்க்க முடியாததும் கூட. தாம் கற்றதைப் பிறர் அறியாமையின் மேல் ஏறி விற்கக் கூடாது என்பதே அது. வாசலை அடைக்காதிருப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

மற்றொரு ஆட்சேபமும் உண்டு. சர்க்கார் உத்தியோகஸ்தர் தம்மவருக்குச் சலுகை காட்டினால் அது நீதியாகுமா? ஆகாது என்றே சொல்லுவோம். தமிழ் அதிகாரி தமிழனுக்குச் சலுகை காட்ட வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் பழைய கங்காணி புத்தியே. சட்டம் எல்லோருக்கும் கொடுத்ததை எல்லோருக்கும் விளங்கும் மொழியில் சொல்லி, தாமதமின்றிக் கொடுப்பதே நேர்மை. இதை ஒரு சோதனையால் அறியலாம். இன்று தோட்டங்களில் வரிசையின் கடைசியில் நிற்பவர் யார்? வங்காள தேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். சம்பளச் சீட்டில் என்ன பிடித்தார்கள் என்று படிக்கத் தெரியாமல், ஊரில் தரகனுக்குப் பட்ட கடனோடு, நம் பாட்டன் நின்ற அதே இடத்தில் அவர்கள் நிற்கின்றனர். 2025-ம் ஆண்டு முதல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் அவர்களுக்கும் உண்டு என்று எத்தனை படித்த தமிழர் அவர்களிடம் சொல்லியிருப்பர்? நம் பாட்டனுக்கு இழைக்கப்பட்டது அநீதியென்றால் அவர்களுக்கு இழைக்கப்படுவதும் அநீதியே. அங்கே வாய் மூடியிருப்பவர் நியாயத்தைக் கற்கவில்லை; தம் கட்சியைத் தெரிந்துகொண்டார், அவ்வளவே.

ஆகவே அரசியல் கற்கச் செல்லும் தம்பி தங்கையருக்கு நாம் சொல்வது வருமாறு. சட்டத்தைப் படியுங்கள், கூடவே சட்டம் நடைபெறும் கவுண்டரையும் மனுத்தாளையும் படியுங்கள். மலாயில் வரையப் பழகுங்கள். தமிழில் விளக்கவும் பழகுங்கள். தாய்மொழியில் சொல்லத் தெரியாத அறிவு சமூகத்துக்குள் இறங்குவதில்லை. திருக்குறளின் பொருட்பாலில் இருபத்தைந்து அதிகாரங்கள் அரசியலைச் சொல்வன. நம் மொழி இத்துறைக்கு அந்நியமன்று. விடுமுறையில் தோட்டத்து மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். வருகிறவருக்காக மனுவை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாமல், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயதானவர் பெயர் வாக்காளர் பட்டியலில் தானாகவே ஏறுகிறது. பாராளுமன்றத்தின் வேலை எது, சட்டமன்றத்தின் வேலை எது, நியமன உறுப்பினரிடம் எதைக் கேட்கலாம் என்று அப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை அரசியல் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். எவ்வளவு சம்பளம் வரும் என்று கேளுங்கள், அக்கேள்வி நியாயமானது. அதோடு நிறுத்தாமல், நீ உட்காரும் நாற்காலிக்கு எதிரில் உன் பாட்டி வந்து நின்றால் அவளுக்குக் காரியத்தை முடித்துக் கொடுத்து அனுப்புவாயா, காரியத்தைத் தானே முடிக்கக் கற்றுக் கொடுத்து அனுப்புவாயா என்றும் கேளுங்கள். அதற்குப் பிள்ளை நேராகப் பதில் சொல்லுமானால், எந்த உத்தியோகமாயிருந்தாலும் கவலையில்லை. தைரியமாக அனுப்பி வையுங்கள்.